படுக்கையில் புரண்டால் சுழலும் அறை

காலையில் கண்விழித்துப் பக்கவாட்டில் புரண்டதும் அறை முழுவதும் சுழல்வதும், கட்டிலைப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடந்தால் ஒரு நிமிடத்துக்குள் அது அடங்கிவிடுவதும் உட்செவியில் தோன்றும் நிலைசார் தலைச்சுற்றலின் தெளிவான அடையாளங்கள். 50 வயதைக் கடந்தோரிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் கூடுதலாகக் காணப்படும் இந்தக் கோளாறைப் பித்தம், ரத்த அழுத்தம், கழுத்தெலும்புத் தேய்மானம் என்றெல்லாம் எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோர் பலர்.

உட்செவியில் யூட்ரிக்கிள் என்ற சிறு பையின் கூழ்மப் படலத்தில், தலையின் சாய்வை உணர்வதற்குத் துணைசெய்யும் கால்சியம் கார்பனேட் நுண்படிகங்கள் பதிந்துள்ளன. அதை ஒட்டி, தலையின் சுழற்சியை அறியும் மூன்று அரைவட்டக் குழாய்கள் திரவம் நிரம்பி இருக்கின்றன. முதுமையாலோ தலையில் பட்ட அடியாலோ, பல வேளைகளில் காரணமே புலப்படாமலோ, படிகங்கள் உதிர்ந்து குழாய்க்குள், பெரும்பாலும் பின்புறக் குழாய்க்குள், புகுந்துவிடுகின்றன. படுக்கும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அவை ஈர்ப்பு விசையால் நகர, உடன் இழுபடும் திரவம் குழாயின் உணர்முனையை வளைக்கிறது. தலை அசையாமல் இருக்கும்போதும் அது சுழல்வதாக ஒரு காது மட்டும் மூளைக்குச் செய்தி அனுப்புவதால் கண்கள் தாமாகவே துடிக்கின்றன, குமட்டலும் வருகிறது. படிகங்கள் தாழ்ந்த இடத்தில் தங்கியதும் எல்லாம் ஓய்கிறது.

சுற்றல் சில நொடிகள்தான்; அதைப் பற்றிய அச்சமோ நாள் முழுவதையும் ஆள்கிறது. பரணிலிருந்து பாத்திரம் எடுப்பது, கொடியில் துணி உலர்த்துவது, குனிந்து கோலமிடுவது, பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்வது என ஒவ்வொன்றும் தவிர்க்கப்படுகிறது. இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்த நிலையிலேயே உறங்குகிறார்கள். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறார்கள். நாளடைவில் கழுத்தும் தோளும் இறுகி வலிக்க, கழுத்தெலும்பில்தான் கோளாறு என்ற தவறான முடிவு மேலும் உறுதிப்படுகிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததாலும், அடுத்த நிமிடமே நோயாளி இயல்பாகத் தோன்றுவதாலும், வீட்டார் அதை மனப்பிரமை என்று ஒதுக்குவது நோயைவிடக் கொடிது. முதியவர்களுக்கு இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தும் உண்டு.

இத்தனைக்கும் இதைக் கண்டறிய ஒரு பரிசோதனைக் கட்டில் போதும். தலையை 45 பாகை திருப்பியபடி நோயாளியை வேகமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கண்ணின் துடிப்பைக் கவனிக்கும் முறையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்தனர். அதே நிலையில் தொடங்கி, தலையையும் உடலையும் படிப்படியாக மறுபக்கம் திருப்பிப் படிகங்களை யூட்ரிக்கிளுக்கே திரும்பச் செலுத்தும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்தார். அவரது விரிவான கட்டுரை 1992இல் வெளிவந்தது. சில நிமிடங்களில் முடியும் இப்பயிற்சியில், பெரும்பாலோருக்கு ஓரிரு அமர்வுகளிலேயே சுற்றல் நின்றுவிடுகிறது. மாத்திரைகள் குமட்டலைத் தணிக்கலாம். படிகங்களை நகர்த்த அவற்றால் இயலாது. ஆகவே, மாத்திரை எழுதுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்வது எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் வலுவிழத்தல், நடக்கவே இயலாத தள்ளாட்டம் ஆகியவற்றுடன் சுற்றல் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். நிலைசார் தலைச்சுற்றல் குணமான பின் சில ஆண்டுகளில் பலருக்குத் திரும்பவும் வருகிறது. அப்போது எந்தக் காது, எந்தக் குழாய் என்பதை மருத்துவர் மீண்டும் உறுதிசெய்து, அதற்குரிய பயிற்சியைத் தருவார்.