பெட்டிக்குள் இரண்டு கைகள்

கொரோனா பரவிய 2020 ஏப்ரலில், நோயாளியின் இருமல் துளிகள் மருத்துவர்மேல் படாமல் தடுக்க, எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓர் அக்ரிலிக் பெட்டி நன்கொடையாக வந்தது. நோயாளியின் தலைமேல் கவிழ்த்து, இரண்டு ஓட்டைகளில் கைகளை நுழைத்து, மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட வேண்டும். தைவானைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் லாய் சியென்-யுங் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று அளவுகளை வெளியிட்டிருந்தார். பாஸ்டனில் ஒளிரும் சாயத்தை வைத்து ஒரு பொம்மையை 'இரும' வைத்தார்கள். பெட்டி இல்லாதபோது மருத்துவரின் முடி, கழுத்து, காது, ஷூ வரை சாயம். பெட்டி இருந்தபோது கையுறையிலும் முன்கையிலும் மட்டும். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் ஆசை வராது?

மூன்றாவது நோயாளியிடம் ஆசை தீர்ந்தது. பருத்த உடல், குட்டைக் கழுத்து. தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைப் பிடித்த இடது கை ஓட்டையின் விளிம்பில் இடித்தது. டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சியான பூஜியை வலது கையால் திருப்ப இடமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94, 88, 81 சதவீதம் என்று இறங்கியது. "சிஸ்டர், பெட்டியை எடுத்துவிடுங்கள்" என்றேன். எடுத்தார். அதுவரை உள்ளே தேங்கியிருந்த காற்று எங்கள் முகத்தை நோக்கித்தான் வந்திருக்கும். டியூப் போட்டு முடித்துப் பார்த்தால், கவுனின் கைப்பகுதி இரண்டு அங்குலம் கிழிந்திருந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒத்திகை ஆய்வுகளும் இதையே காட்டின: பெட்டியுடன் நேரம் கூடுகிறது, பாதுகாப்பு உடை கிழிகிறது. பெரிய துளிகளைப் பெட்டி தடுக்கும், உண்மைதான். ஆனால் மிதக்கும் நுண்துளிகள் ஓட்டை வழியாக வெளியேறிவிடும். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வசதியற்ற பெட்டிகளுக்கான அவசர அனுமதியை, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்பப் பெற்றது.

துளிகளை உண்டாக்குவது இருமல். அதை வராமல் செய்வது நம் கையில் இருக்கிறது. தசைகளைத் தளர்த்தும் ரொகுரோனியம் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருக்க வேண்டும். நாற்பதாவது நொடியிலேயே வாயைத் திறக்கத் துடிக்கும் இளம் மருத்துவர்களின் மணிக்கட்டை நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். ஆக்சிஜன் முகமூடியை நோயாளியின் முகத்தில் இரு கைகளாலும் அழுத்திப் பிடிப்பது, முகமூடிக்கும் சுவாசப் பைக்கும் இடையில் வடிகட்டி வைப்பது, கசிவை அடைக்கும் டியூபின் பலூனை ஊதிய பிறகே காற்றைச் செலுத்துவது, இவற்றுக்கெல்லாம் பெரிய செலவில்லை. தொண்டையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் நம் முகம் நோயாளியின் வாயிலிருந்து தள்ளியே இருக்கும்.

டியூப் போடும்போது எல்லோரும் விறைப்பாக இருப்போம். எடுக்கும்போதுதான் அலட்சியம். நன்றாக மயக்கப்பட்டு, தசைகள் தளர்ந்த நோயாளிக்கு டியூப் போடுகையில் வெளிவரும் நுண்துளிகள் மிகக் குறைவு. எடுக்கும்போது, அதுவும் அவர் இருமினால், பல மடங்கு அதிகம் என்று பிரிட்டனில் அறுவை அரங்கிலேயே அளந்து சொன்னார்கள். நம் ஊரில் அந்த நேரத்தில்தான் முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு, ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர் தலைமாட்டில் வந்து நிற்பார்கள்.

கொரோனாவை விடுங்கள், காசநோய் எங்கும் போய்விடவில்லை. குடலடைப்பு அறுவைக்காக நள்ளிரவில் வருபவரிடம் இரண்டு வாரமாக இருமல் இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? சளிப் பரிசோதனை முடிவு, நாம் டியூபை எடுத்து இரண்டு நாள் கழித்து வரும். காசநோய்க் கிருமிக்கு அறுவை முகக்கவசம் போதாது, நுண்துளிகளையும் வடிகட்டும் என்95 கவசம் வேண்டும்; அதுவும் தாடிமேல் போட்டால் ஓரங்களில் கசியும்.

நுரையீரல் குழாய்களுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி அறையில் ஸ்பிளிட் ஏசி ஓடுவதைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இருக்கிறார்கள். அது அறையிலுள்ள காற்றையே குளிர்வித்துத் திரும்பத் தருகிறது. மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையிலேயே நுண்துளிகளில் 99 சதவீதம் நீங்க 23 நிமிடம் ஆகும். 6 முறை என்றால் 46. போன வாரமும் மருத்துவர் ஒருவர் அடுத்த நோயாளியை உடனே உள்ளே அழைக்கச் சொன்னார். ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டுவிட்டு, "முக்கால் மணி நேரம் ஆகும் சார்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்.