உலக அரசியலில் 'அராஜகம்' எதற்கு?

"சர்வதேச அமைப்பு அராஜகமானது என்கிறார் கென்னத் வால்ட்ஸ்." பன்னாட்டு உறவுகள் பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது. புதிதாகப் படிப்பவர் என்ன நினைப்பார்? உலகம் முழுக்க அடிதடியும் அட்டூழியமும் என்று வால்ட்ஸ் புலம்பியதாக நினைப்பார். பன்னாட்டு உறவுகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞரான வால்ட்ஸ் புலம்பவே இல்லை. 1979-இல் வந்த தன் நூலில் அவர் சொன்னது ஓர் அமைப்பைப் பற்றிய செய்தி: அரசுகளுக்கு மேலே, அவற்றுக்கு ஆணையிடும் இன்னொரு அரசு இல்லை. அவ்வளவுதான்.

மூலச்சொல் ஆங்கிலத்தின் அனார்க்கி (anarchy). கிரேக்கத்தில் 'அன்' என்றால் இல்லை, 'ஆர்க்கோஸ்' என்றால் ஆள்பவர். கி.மு. 404-இல் ஏதென்சில் முப்பதுபேர் குழு ஆண்டபோது பதவியேற்ற ஆர்க்கோனை, அதாவது யார் பெயரால் ஆண்டைக் குறிப்பார்களோ அந்தத் தலைமை அதிகாரியை, மக்கள் பின்னாளில் ஏற்கவில்லை. ஆண்டுக்கு அவர் பெயரை வைக்காமல் 'ஆர்க்கோன் இல்லாத ஆண்டு' என்றே குறித்தார்கள். சொல்லின் பிறப்பில் கலவரம் இல்லை, நாற்காலி காலி என்ற தகவல்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வேரைப் பார்த்தால் 'அராஜகம்' மிகச் சரியான மொழிபெயர்ப்பு. அ + ராஜ, அரசன் இல்லாதது. வால்மீகி ராமாயணத்தில் தசரதன் இறந்ததும், அரசனில்லாத நாட்டில் என்னென்ன கெடும் என்று அடுக்கும் இடத்தில் இதே சொல்தான் வருகிறது. அகராதியைப் புரட்டி இதை எடுத்துவைத்தவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் சொல் அங்கேயே நின்றுவிடவில்லையே! இன்றைய தமிழில் அராஜகம் செய்பவர் யார்? 'ஆளுங்கட்சியின் அராஜகம்', 'அதிகாரிகளின் அராஜகம்', 'காவல்துறை அராஜகம் ஒழிக' என்கிறோம். ஆள்பவர் இல்லாத நிலையைக் குறித்த சொல், ஆள்பவர் அளவுமீறி ஆடுவதைக் குறிக்கும் சொல்லாகத் தலைகீழாகிவிட்டது. அதை வால்ட்ஸின் வாயில் வைத்தால் பொருளும் தலைகீழாகத்தான் போகும்.

வடசொல் என்பதால் நான் இதை எதிர்க்கவில்லை. 'சர்வதேசம்' எனக்கு உறுத்துவதே இல்லை. புரிந்தால் போதும்.

சிலர் 'குழப்பநிலை' என்கிறார்கள். அது இன்னும் மோசம். 1874-இல் தொடங்கிய அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி இன்றும் கடிதங்கள் எல்லை தாண்டிப் போகின்றன. மேலே ஒரு உலக அரசு இல்லை, ஆனால் தபாலில் குழப்பமும் இல்லை.

தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் 'அரசின்மை'யைக் கொண்டுவருகிறார்கள். இதோடுதான் எனக்குப் பெரிய சண்டை. அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசு இல்லை என்றால் எந்த அரசு இல்லை? ஐ.நா.வில் 193 உறுப்பு நாடுகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் அரசு இருக்கிறது. உலக அரசியலின் சிக்கலே இத்தனை அரசுகள் இருப்பதுதான். போதாக்குறைக்கு, அரசு என்ற ஒன்றே வேண்டாம் என்ற புரூதோன், பக்கூனின் வழிக் கொள்கைக்கு 'அரசின்மைவாதம்' என்று ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று. அந்தக் கொள்கை ஒரு விருப்பம். வால்ட்ஸ் சொல்வது ஒரு நிலைமை. இரண்டையும் ஒரே சொல்லால் கட்டினால், வால்ட்ஸை பக்கூனினின் சீடராக்கிவிட்டுப் போய்விடுவோம். 'தலைமையின்மை'யும் சரிவராது. ஒரு வல்லரசு தலைமை தாங்கி உலகை நடத்துவதைப் பற்றித் தனிக் கோட்பாடுகளே இருக்கின்றன. தலைமை இருந்தும் அனார்க்கி இருக்க முடியும்.

என் தெரிவு 'மேலரசின்மை'. மேல் + அரசு + இன்மை. அரசுகள் உண்டு, அவற்றுக்கு மேல் ஓர் அரசு இல்லை. வால்ட்ஸ் சொன்னது அப்படியே வந்துவிடுகிறது.

"மேலரசு என்றால் வல்லரசு என்று நினைக்க மாட்டார்களா?" என்று கேட்கலாம். வல்லரசு என்பது வலிமையைச் சொல்வது, மேலரசு ஆணையிடும் உரிமையைச் சொல்வது. நிகரகுவா அமெரிக்கா மீது தொடுத்த வழக்கில் 1986-இல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லிப் பாதுகாப்பு அவைக்கு வந்த தீர்மானத்தை அமெரிக்காவே தன் வீட்டோவால் வீழ்த்தியது. வல்லரசு இருந்தது, அதைப் பணியவைக்க மேலரசு இல்லை. இந்த நிலையில் ஒவ்வொரு அரசுக்கும் தன் கையே தனக்கு உதவி என்பதுதான் வால்ட்ஸின் அடுத்த படி. 'அராஜக'த்திலிருந்து அந்தப் படிக்கு ஏறவே முடியாது.

பன்னாட்டு உறவு அறிஞர் ஹெட்லி புல்லின் 1977 நூலான 'தி அனார்க்கிக்கல் சொசைட்டி'யைப் பாருங்கள். மேலே ஆள்பவர் இல்லாமலே அரசுகள் பொது விதிகளோடு ஒரு சமுதாயமாக வாழ்கின்றன என்பது அவர் வாதம். அதன் தலைப்பை 'அராஜகச் சமுதாயம்' என்றால் ரவுடிகள் சங்கம் போலிருக்கிறது. 'மேலரசற்ற சமுதாயம்' என்றால் தலைப்பிலேயே வாதம் தெரிகிறது. மேலரசின்மையை அரசுகள் எப்படி ஆக்கிக்கொள்கின்றனவோ அப்படித்தான் அது இருக்கும் என்று 1992-இல் இத்துறையின் இன்னொரு அறிஞர் அலெக்சாண்டர் வெண்ட் எழுதினார். அந்த இடத்தில் 'அராஜகம்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள், அரசுகளே கூடி அட்டூழியம் செய்வதாகத்தான் கேட்கும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதல் பொருளைக் கண்டதும் நின்றுவிடுகிறார்கள். அப்புறம் அதுவே பாடநூலாகி, தேர்வுக் கேள்வியாகி, அசைக்க முடியாததாகிவிடுகிறது. இப்போது 'செக்யூரிட்டி டைலமா' என்ற கலைச்சொல்லுக்கு 'பாதுகாப்புக் குழப்பம்' என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. அதைப் பற்றி அரசறிவியலாளர் ஜான் ஹெர்ஸ் 1950-இல் பேசியது, ஓர் அரசு தன்னைக் காக்க ஆயுதம் சேர்த்தால் பக்கத்து அரசும் பயந்து சேர்க்கும், சேர்க்காமல் இருந்தாலும் ஆபத்து என்ற இருதலைக்கொள்ளி நிலையைப் பற்றி. அதற்கு 'பாதுகாப்பு இக்கட்டு' என்ற எளிய சொல் இருக்கிறது. பாடநூலுக்குள் போவதற்குள் இதையாவது மாற்றிக்கொள்ளலாம்.