நனையக் கூடாத கடற்பறவை

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு பெர்ரியில் போகும்போது தலைக்கு மேல் வட்டமிடுவது பெரும்பாலும் செம்பருந்துதான். நம்மவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே கருடன். அதைவிடப் பெரிதாக, கறுப்பாக, ஆழமாகப் பிளந்த வாலோடு ஒன்று சிறகடிக்காமல் மிதந்து போனால் அது ஃபிரிகேட் பறவையாக இருக்கலாம். மலாக்கா நீரிணைக்கு வந்துபோகும் விருந்தாளி.

கடலை நம்பிப் பிழைக்கும் இதற்குக் கடலில் இறங்க வழியில்லை. இறகுகளைத் தண்ணீரிலிருந்து காக்கப் போதுமான எண்ணெய்ப் பசை கிடையாது. கால்கள் குட்டை; விரலிடைச் சவ்வு பெயருக்குத்தான். நீரில் விழுந்தால் இறகு ஊறிப்போய் மீண்டும் எழும்புவது பெரும்பாடு. ஆகவே துள்ளும் பறக்கும் மீனைப் பறந்தபடியே, நுனி வளைந்த நீண்ட அலகால் கவ்வும். மற்றப் பறவைகளைத் துரத்தி, விழுங்கிய மீனைக் கக்கவைத்துப் பிடுங்குவதும் உண்டு. கொள்ளைக்காரன் என்று பேர் வாங்கியிருந்தாலும், வயிறு நிறைவது பெரும்பாலும் சொந்த உழைப்பில்தான்.

இறங்காமல் எப்படிச் சமாளிக்கிறது? இதில் 'பெரிய ஃபிரிகேட்' என்ற இனத்தின் சிறகு விரிப்பு 2 மீட்டருக்கு மேல். எடையோ ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அந்த அகலச் சிறகை மெல்லிய மேலெழு காற்றே தூக்கிவிடும். தரையில் வெயில் சாய்ந்ததும் அந்தக் காற்று அடங்கிவிடுகிறது. வெப்பமண்டலக் கடல் இரவிலும் வெதுவெதுப்பாக இருப்பதால் அதன் மேல் காற்று ஓயாமல் எழும்பி, பஞ்சு மேகங்களாகத் திரள்கிறது. பறவை அந்த மேகங்களுக்குள்ளேயே புகுந்து, சில சமயம் 4,000 மீட்டர் வரை ஏறி, பிறகு பல கிலோமீட்டர் சும்மா சறுக்கிக்கொண்டே வரும். ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவேயுள்ள மொசாம்பிக் கால்வாயின் ஐரோப்பா என்ற குட்டித் தீவுப் பறவைகளுக்குக் கருவி பொருத்திப் பார்த்ததில், தரையே தொடாமல் 2 மாதம் வரை பறந்தவை இருந்தன. 2016இல் அந்த முடிவு வெளியானது.

தூக்கம்? அதே ஆண்டு வெளியான, பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளில் நடந்த ஆய்வில் மூளை அலைகளையே பதிவு செய்தார்கள். பறக்கும் நாட்களில் சராசரி 42 நிமிடம்தான் தூக்கம். அதுவும் காற்றில் மேலேறும்போது, பல வேளை மூளையின் ஒரு பாதி மட்டும். கூட்டுக்குத் திரும்பினால் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்கித் தீர்க்கிறது!

மலாக்கா நீரிணையில் பதிவான ஃபிரிகேட் இனங்களில் ஒன்றான கிறிஸ்துமஸ் தீவு ஃபிரிகேட், உலகில் அந்த ஒரு தீவில்தான் முட்டையிடுகிறது. ஆண் உடல் முழுக்கக் கறுப்பு, அடிவயிற்றில் மட்டும் வெள்ளைத் திட்டு. இணை தேடும் காலத்தில் தொண்டைப் பையைச் சிவப்புப் பலூனாக ஊதிக் காட்டும். ஒரு முறைக்கு ஒரே முட்டை. குஞ்சு பறக்கக் கற்ற பிறகும் தாய் பல மாதம் ஊட்டுவதால், அடுத்த முட்டைக்கு அவளுக்கு இரண்டு ஆண்டு ஆகிவிடும்.