டவர் எந்தப் பக்கம்?

பரந்தனில் இருக்கும் மாமி வீட்டில் இன்டர்நெட் இழுபடுகிறது என்று போன மாதம் கூப்பிட்டிருந்தார். டொரன்டோவில் இருக்கும் மகளோடு வீடியோவில் கதைக்கத் தொடங்கினால் முகம் அப்படியே உறைந்துவிடும், குரல் விட்டு விட்டு வரும். போய்ப் பார்த்தால், சிம் போட்ட ரவுட்டர் நடு அறையில் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க அங்கே வைத்தாராம்.

வன்னியில் நிறைய வீடுகளில் இந்த வகைப் பெட்டிதான். வீட்டுக்குக் கம்பி வராது. டவரிலிருந்து 4ஜி அலை வந்து பெட்டியில் இறங்கும். பெட்டி அதை வைஃபையாக மாற்றிப் போனுக்குக் கொடுக்கும். இரண்டு கட்டப் பயணம். தடை எந்தக் கட்டத்தில் என்று பிடிக்காமல் புது ரவுட்டர் வாங்குவது வீண் செலவு.

பிடிப்பது சுலபம். பெட்டிக்கு ஒரு மீற்றர் தள்ளி நின்று வேகத்தை அளந்து பாருங்கள். அங்கே நன்றாக ஓடி, விறாந்தைக்கு வந்ததும் விழுந்தால் குறை வைஃபையில். பக்கத்திலேயே மெதுவென்றால் அநேகமாக டவர்ப் பக்கம். (டேட்டா முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.) மாமி வீட்டில் பக்கத்திலேயே 2 மெகாபிட்தான். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே 5 மெகாபைட் படம் ஒன்று இறங்கவே 20 செக்கன் பிடிக்கும்.

ரவுட்டரின் அடியில் 192.168 என்று தொடங்கும் முகவரி ஒட்டியிருக்கும். அதைப் போன் பிரவுசரில் அடித்து உள்ளே போனால், பெரும்பாலான பெட்டிகளில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் தெரியும். டவரின் அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதன் அளவு அது. கழித்தல் குறியோடு வரும். பூச்சியத்துக்குக் கிட்டப் போகப் போக நல்லது. -80 என்றால் அருமை. -110க்குக் கீழே போனால் சிரமம். மாமி வீட்டில் -112.

பெட்டியையும் நீளமான வயரையும் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தோம். டவர் ஏ9 வீதிப் பக்கம். அந்தப் பக்க யன்னல் விளிம்பில் வைத்து அரை நிமிடம் பொறுத்தோம்: -96. பதினாறுதானே கூடியது என்று நினைக்கக் கூடாது. இந்த அளவில் 10 கூடினால் வலு பத்து மடங்கு. 16 கூடினால் ஏறத்தாழ 40 மடங்கு. அலை தெளிவாக இருந்தால் டவர் ஒரு குறியில், அதாவது அலையின் ஒரு சிறு துண்டில், 6 பிட்டை அடைத்து அனுப்பும். மங்கினால் பிழை வராமல் இருக்க 2 பிட்டாகக் குறைத்துக்கொள்ளும். வேகம் விழுவது இதனால்தான்.

இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், சீமெந்துச் சுவர் உறிஞ்சும். தகரக் கூரை வீடென்றால் அலை உள்ளே வர யன்னலும் கதவும்தான் வழி. மாரியில் இடையில் நிற்கும் மாவும் வேம்பும் நனைந்தால் இன்னும் குறையும். இலையிலுள்ள தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.

அயல் வைஃபை குழப்பும், சனலை (வைஃபை ஓடும் அலைவரிசையை) மாற்று என்று சொல்வார்கள். அது கொழும்புத் தொடர்மாடிகளுக்குப் பொருந்தும். இங்கே வளவுக்கு ஒரு வீடு, அந்தத் தொல்லை குறைவு. நம்மிடம் நான் அடிக்கடி காண்பது வேறு: யாரோ ஒருவரின் போன் சத்தமில்லாமல் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். மேலே போகும் வழி அடைபட்டால், ‘கிடைத்தது’ என்று நம் போன் அனுப்பும் சிறு பதில்களும் வரிசையில் மாட்டிக்கொள்ளும். பதில் வராமல் மறுமுனை அடுத்ததை அனுப்பாது. மாமியின் போனிலும் அதை நிறுத்திவிட்டோம்.

இப்போது விடிய ஐந்தரைக்கு 18 மெகாபிட் வருகிறது. இரவு எட்டு மணிக்கு 5தான். ஊரே ஒரு டவரைப் பங்கு போடும் நேரம், அதற்கு வீட்டுக்குள் வைத்தியம் இல்லை. அதனால் மாமி விடியத் தேத்தண்ணியோடு யன்னலடியில் இருந்து மகளைக் கூப்பிடுகிறார். அங்கே அப்போது முதல்நாள் இரவு, அவளும் வேலை முடிந்து வந்திருப்பாள்.