மொழிக் குறியீடு: சொல் விளக்கம்

சேலம் ஜங்ஷனுக்கு ரயில்வே வைத்திருக்கும் சுருக்கம் எஸ்.ஏ. அதே எஸ்.ஏ. நாடுகளின் பட்டியலில் சவூதி அரேபியா, மொழிகளின் பட்டியலில் சமஸ்கிருதம். எந்தப் பட்டியல் என்று தெரியாதவரை அந்த இரண்டு எழுத்துக்கும் பொருள் கிடையாது. மொழிபெயர்க்க வரும் கோப்பில் 'லாங்குவேஜ் கோட்' என்ற கட்டம் கேட்பது, சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. மொழிகளுக்கென்று வைத்திருக்கும் ஐ.எஸ்.ஓ. 639 பட்டியலில் உள்ள எழுத்துகளை. 1967இல் தொடங்கிய பட்டியல் அது. தமிழுக்கு அதில் இரண்டெழுத்தில் டி.ஏ., மூன்றெழுத்தில் டி.ஏ.எம்.

'கோட்' லத்தீனில் இருந்து வந்தது. காடெக்ஸ் என்றால் மரத்தண்டு. அது பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஏடாகி, சட்டத் தொகுப்பாகி, வெகு பின்னால்தான் குறிகளின் தொகுப்பானது. தமிழில் 'கோடு' என்று எழுதினால் நோட்டில் போடும் கோடுதான் நினைவுக்கு வரும். 'சங்கேதம்' என்பதில் ரகசிய வாடை. இங்கே ஒளிக்க ஒன்றுமில்லை. 'நிரல்' கணினிக்காரர்கள் எழுதுவது. எஞ்சுவது குறியீடு. குறி + இடு. இடு நீண்டு ஈடு. பெயரிடுவது என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆகவே 'மொழிக் குறியீடு' என்றே எழுதலாம்.

சரி, எங்கே தடுமாறுகிறோம்? பெங்களூர் வண்டிகளின் கே.ஏ. பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கன்னடமும் கே.ஏ.தான் என்று தோன்றும். அது ஜார்ஜியாவின் மொழிக்கு. அவர்கள் தங்கள் மொழியைக் கார்த்துலி என்கிறார்கள். கன்னடத்துக்கு கே.என்.

இன்னொன்று சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையிலேயே இருக்கிறது. அங்குள்ள பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகிறார்கள். பேர் அப்படி, பேச்சு தமிழ். அவர்களுக்கென்று வரும் துண்டறிக்கைக்கு எம்.எல். என்று போட்டால் மலையாள மொழிபெயர்ப்பாளரிடம் போய்ச் சேரும். குறியீடு மொழிக்குத்தான், இனப்பெயருக்கு இல்லை.

நாட்டுக்குத் தனியாக ஓர் ஒட்டு உண்டு: டி.ஏ.-ஐ.என். இந்தியத் தமிழ், டி.ஏ.-எல்.கே. இலங்கைத் தமிழ். இது வெறும் அலங்காரம் இல்லை. இரண்டாவது கோப்பில் 'கச்சேரி' வந்தால் அது அரசு அலுவலகமாக இருக்கலாம், பாட்டாக இருக்க வேண்டியதில்லை.

சேலத்துப் பட்டுத்தறிக்காரர்கள் பலர் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்துக்கு இரண்டெழுத்தில் இடமில்லை. ஐ.எஸ்.ஓ. 639இல் 2007இல் வந்த மூன்றாம் பகுதியின் மூன்றெழுத்துப் பட்டியலில்தான் எஸ்.ஏ.இசட். என்று இருக்கிறது. அதை அதற்கே உரிய எழுத்திலும் எழுதுகிறார்கள், தமிழ் எழுத்திலும் எழுதுகிறார்கள். அதனால் எழுத்துக்கான நான்கெழுத்து ஒட்டும் தேவை: தனி எழுத்துக்கு எஸ்.ஏ.யு.ஆர்., தமிழ் எழுத்துக்கு டி.ஏ.எம்.எல். எஸ்.ஏ.இசட். மட்டும் போட்டு வேலை வந்தால், எந்த எழுத்தில் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.