கிரிப்டோ அசெட் என்றால் மறைத்து வைத்த சொத்தா?

பிரிட்டனில் 2026 ஜனவரி 1 முதல், பிட்காயின் போன்ற டிஜிட்டல் காயின்களை வாங்கி விற்க உதவும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் தங்கள் வாடிக்கையாளர்கள் யார், என்ன வாங்கினார்கள், என்ன விற்றார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, அந்நாட்டு வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யிடம் கொடுக்க வேண்டும். அந்த விதிகளில் இந்த நிறுவனங்களின் பெயர் 'ரிப்போர்ட்டிங் கிரிப்டோஅசெட் சர்வீஸ் புரொவைடர்'. இதை எப்படித் தமிழில் சொல்வது?

'கிரிப்டோஸ்' கிரேக்கச் சொல், பொருள் 'மறைந்த'. அதிலிருந்து வந்ததுதான் கிரிப்டோகிராபி, மறைவாக எழுதும் கலை. இதைப் பிடித்துக்கொண்டுதான் சிலர் 'மறைநாணயம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் பிட்காயின் பரிமாற்றங்கள் எல்லாம் பதிவாகும் பேரேட்டை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்; குறியாக்கம், அதாவது கிரிப்டோகிராபி, அங்கே செய்யும் வேலை, பணத்தை அனுப்பச் சொன்னவர் அதற்கான ரகசிய டிஜிட்டல் சாவியை வைத்திருப்பவர்தான் என்று உறுதிசெய்வதும், பழைய பதிவை யாரும் திருத்திவிடாமல் காப்பதும். பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2022இல் வெளியிட்ட கிரிப்டோ அசெட் வரையறையும், குறியாக்கத்தால் பாதுகாக்கப்பட்ட பரவல் பேரேட்டை (ஒரே இடத்தில் இல்லாமல் பல கணினிகளில் இருக்கும் பேரேட்டை) சார்ந்த, மதிப்பின் டிஜிட்டல் வடிவம் என்றே சொல்கிறது. இந்தியாவின் 2025 நிதிச் சட்டமும் ஏறக்குறைய இதே சொற்களை எடுத்துக்கொண்டது. 'மறை' என்று பெயர் வைத்தால், வரித்துறையின் கண்ணுக்கே படாத பணம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அதனால்தான் 'குறியாக்க' என்பதே சரி என்கிறேன்.

'அசெட்' வந்த வழி இன்னும் சுவையானது. லத்தீனில் 'ஆட் சாட்டிஸ்', பழைய பிரெஞ்சில் 'அசெஸ்', இரண்டுக்கும் பொருள் 'போதுமான அளவு'. இறந்தவர் விட்டுப்போனது அவருடைய கடனை அடைக்கப் போதுமா என்று பார்த்த பழைய சட்டப் பேச்சில்தான் அது சொத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. நாணயம் என்று சொல்லாமல் சொத்து என்று சொல்வதற்கு வரிக் காரணமும் உண்டு. எச்.எம்.ஆர்.சி. இதைப் பணமாகக் கருதுவதில்லை. ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்கினாலும் அது விற்பனைதான், லாபம் இருந்தால் மூலதன ஆதாய வரிக் கணக்கில் வரும்.

சரி, 'ரிப்போர்ட்டிங்'? 'அறிக்கையிடும்' என்றால் கட்சித் தலைவர் அறிக்கை விடுவதுபோல் இருக்கிறது. 'தகவல் அளிக்க வேண்டிய குறியாக்கச் சொத்துச் சேவை நிறுவனம்' என்பது என் பரிந்துரை. நீளம்தான், ஆனால் அந்த 'வேண்டிய'வில் சட்டக் கடமை தெரிகிறது.

அளிக்க வேண்டிய தகவல் இது: தனிநபர் என்றால் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்பது. பிரிட்டனில் வசிப்பவருக்குத் தேசியக் காப்பீட்டு எண் அல்லது வரி செலுத்துவோர் எண். வெளிநாட்டில் வரி கட்டுபவருக்கு அந்த நாட்டு வரி எண், அதாவது இந்தியா என்றால் பான். அப்புறம் எந்த காயின், எத்தனை, என்ன மதிப்பு, வாங்கியதா விற்றதா மாற்றியதா என்ற பரிமாற்ற விவரம். 2026ஆம் ஆண்டுக்கானதை 2027 மே 31க்குள் கொடுக்க வேண்டும். தவறாகவோ அரைகுறையாகவோ கொடுத்தால் ஒரு வாடிக்கையாளருக்கு 300 பவுண்டு வரை நிறுவனத்துக்கு அபராதம். விவரம் கேட்டும் தராத வாடிக்கையாளருக்கும் 300 பவுண்டு வரை விதிக்கலாம்.