கறுத்துப்போகாத எக்ஸ்ரே

தாடையைப் பலகையின் மேல்விளிம்பில் வைத்து, தோள்களை முன்னால் தள்ளி, "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்ற குரலுக்கு அசையாமல் நிற்கிறோம். சட்டையை மாட்டிக்கொள்வதற்குள் விலா எலும்புகள் கணினித் திரைக்கு வந்துவிடுகின்றன. இருட்டறையும் இல்லை, காயவைக்கும் ஃபிலிமும் இல்லை. நெஞ்சு அழுந்தி நின்ற அந்தப் பலகைக்குள் என்னதான் நடக்கிறது?

1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த அதே கதிர்தான் இன்றும் உடலை ஊடுருவுகிறது. மாறியிருப்பது, மறுபக்கம் அதை ஏந்திக்கொள்ளும் பொருள். இன்று பல பலகைகளில் அது சிறிதளவு தாலியம் சேர்த்த சீசியம் அயோடைடு. அதில் சிக்கும் எக்ஸ்ரே துகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான ஒளித்துகள்களாக மாறுகிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒளி நாலாபுறமும் பரவினால் நூலிழை போன்ற எலும்புக் கீறல் மங்கிப்போகும். ஆனால் சீசியம் அயோடைடை ஆவியாக்கிப் படியவைத்தால், அது சில மைக்ரான் தடிமனே உள்ள ஊசிகளாக, நாற்றங்கால் பயிர்போல நெருக்கமாக நிமிர்ந்து வளர்கிறது. ஊசிக்குள் பிறந்த ஒளியில் பெரும்பகுதி பக்கச் சுவரில் பட்டுத் தெறித்து, அந்த ஊசி வழியாகவே கீழே இறங்கிவிடும். பொருளின் இயல்பையே குழாயாக்கிக்கொண்ட இந்த ஏற்பாடு எனக்கு என்றும் வியப்புதான்.

கீழே சிலிக்கான் ஒளியுணரிகள் வரிசை வரிசையாகக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்மேல் விழுந்த ஒளிக்கு ஏற்ப மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்ள, அருகிலுள்ள டிரான்சிஸ்டர் திறந்து அதை வெளியேற்றுகிறது. அது ஓர் எண்ணாகிறது. பழுதான புள்ளிகளை, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணினியே நிரப்பிவிடும்.

எண் என்பதால்தான் வசதி. எண் என்பதால்தான் கவலையும். ஃபிலிமில் கதிர் அதிகமானால் படம் கறுத்துப்போய்த் தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் கணினி வெளிச்சத்தைச் சரிசெய்துவிடுகிறது. கதிர் குறைந்தால் படத்தில் பொரிப்பொரியாகப் புள்ளிகள் தெரியும். கூடினால் படம் இன்னும் துல்லியமாகிறது. புள்ளி விழுந்த படத்தைத் திருப்பி அனுப்பும் மருத்துவர், தேவைக்கு மேல் தெளிவாக வந்த படத்தைப் பற்றி ஏன் குறை சொல்லப்போகிறார்? இதனால் யாருக்கும் தீய எண்ணம் இல்லாமலேயே கதிரளவு சிறுகச் சிறுக ஏறிவிடக்கூடும். ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர் மிகக் குறைவு, அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் குழந்தையின் வளரும் உடலுக்கு, காரணமின்றிக் கொடுக்கும் சிறு மிகுதியும் வேண்டாததுதான்.

கண்ணால் காணமுடியாத இந்த மிகுதியைக் காட்டவே, கருவி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலகல் எண்ணைக் கணக்கிடுகிறது. பலகைக்கு வந்த கதிர் இலக்கோடு பொருந்தினால் அது 0. மைனஸ் 3 என்றால் பாதி. பிளஸ் 3 என்றால் இரு மடங்கு. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், டெக்னீஷியனின் திரை ஓரத்தில் அந்த 3 நின்றுகொண்டிருக்கும்.